டிரான்ஸ்பார்மர் கேட்டுப் பக்கம், மெஷின் கடைசி ஷெட்டில்: எர்த்தை எப்படிக் கொண்டுபோவது

மணலியில் ஒரு பேப்ரிகேஷன் யூனிட். 11 கே.வி. டிரான்ஸ்பார்மர் ரோட்டோரம், கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. புதிதாகப் போட்ட ஷெட் அங்கிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் பின்னால். கேபிள் இழுத்தவர்கள் மூன்றரை கோர் அலுமினிய கேபிளில் மூன்று பேஸும் நியூட்ரலும் கொண்டுவந்துவிட்டு, எர்த்துக்கு ஷெட் வாசலிலேயே புதிதாக ஒரு குழி தோண்டி பைப் இறக்கி பேனலோடு சேர்த்துவிட்டார்கள். குழியின் ரெசிஸ்டன்ஸை அளந்தால் 2 ஓம். அருமையான ரீடிங். ஆனாலும் ஒரு நாள் காலையில் பில்லர் டிரில்லிங் மெஷினில் கை வைத்த பையனைத் தூக்கி அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தான்.

நான் போனபோது மெஷின் அப்படியே நின்றிருந்தது. மோட்டார் டெர்மினல் பெட்டிக்குள் ஒரு பேஸ் ஒயரின் இன்சுலேஷன் தேய்ந்து பாடியில் உட்கார்ந்திருந்தது. மெஷின் பாடிக்கும், கொஞ்சம் தள்ளி மண்ணில் அடித்த ஒரு கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 110 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 63 ஆம்ப்ஸ் பியூஸ் மூன்றும் முழுசாக இருந்தன. அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "குழி சூப்பரா இருக்கு அண்ணே, அப்புறம் ஏன் ஷாக் அடிக்குது?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். டிரான்ஸ்பார்மர் ஓரிடத்திலும் லோடு தள்ளி வேறிடத்திலும் இருக்கும் யூனிட்டுகள் மணலி, எண்ணூர், திருவொற்றியூர், மாதவரம் பக்கம் நிறைய. அதில் பாதிப் பேர் இதே தப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது என் பயம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பேஸ் பாடியில் பட்டால் கரண்ட் எங்கே போகும்? மண்ணுக்குள் போய் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்ட் எங்கிருந்து கிளம்பியதோ அங்கேதான் திரும்பப் போகும், அதாவது டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கு. மணலி ஷெட்டில் அதற்கு இருந்த ஒரே வழி, ஷெட் குழியில் இறங்கி, மண் வழியாக 150 மீட்டர் போய், டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் குழியில் ஏறுவது. இந்தக் குழி 2 ஓம், அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட 2 ஓம். 240 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 60 ஆம்ப்ஸ். 63 ஆம்ப்ஸ் பியூஸ் 60 ஆம்ப்ஸை நாள் முழுக்கத் தாங்கும், உருகாது. 240 வோல்ட்டில் பாதி இந்தக் குழியிலும் பாதி அந்தக் குழியிலும் விழுவதால் மெஷின் பாடி 120 வோல்ட்டில் நிற்கும். மனிதன் தொடலாம் என்று எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 வைத்திருக்கும் வரம்பு 50 வோல்ட். 2 ஓம் என்ன, இரண்டு பக்கமும் 1 ஓம் கொண்டுவந்தால்கூட பாடியில் அதே 120 வோல்ட்தான், கரண்ட் மட்டும் இரண்டு மடங்காகும்.

இப்போது அதே ஷெட்டுக்கு கேபிளோடு சேர்த்து ஒரு உலோக எர்த் கண்டக்டரையும் டிரான்ஸ்பார்மர் வரை கொண்டுபோனால் என்ன ஆகும்? 35 சதுர மி.மீ. அலுமினிய கோர் 150 மீட்டருக்கு ஏறக்குறைய 0.13 ஓம். எர்த்துக்கும் அதே அளவு அலுமினியம் போட்டால் மொத்தம் 0.26 ஓம், ஃபால்ட் கரண்ட், அதாவது பேஸ் பாடியில் பட்டதும் ஓடும் கரண்ட், 900 ஆம்ப்ஸைத் தாண்டும். 63 ஆம்ப்ஸ் பியூஸ் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். 25க்கு 3 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை என்றால் பட்டை மட்டுமே 0.35 ஓம் அளவுக்கு வரும், ஏ.சி.யில் இரும்புக்கு இன்னும் கொஞ்சம் கூடும், அப்படியும் 400, 500 ஆம்ப்ஸ் ஓடும். வேலை நடக்கும், ஆனால் நான் இரண்டு பட்டை போடச் சொல்வேன்.

ஆக, தள்ளி இருக்கும் கட்டடத்துக்கு முதல் வேலை குழி தோண்டுவதல்ல, பேஸ் கேபிளோடு கூடவே எர்த் கண்டக்டரை இழுப்பது. கூடவே என்றால் உண்மையிலேயே ஒட்டி: அதே டிரெஞ்சில், அதே ட்ரேயில். கேபிள் சுவர் ஓரமாகவும் பட்டை மைதானத்தைச் சுற்றியும் போனால் இரண்டுக்கும் நடுவே பெரிய வளையம் உருவாகி இண்டக்டன்ஸ் (ஏ.சி. கரண்டைத் தடுக்கும் குணம்) கூடிவிடும், ஓம் கணக்கில் நன்றாகத் தெரிவது ஃபால்ட் நேரத்தில் கைகொடுக்காது. கேபிளின் ஆர்மரும் (மேலே சுற்றிய உலோகக் கவசம்) உதவும், அதை இரண்டு முனையிலும் கிளாண்ட் (கேபிள் முனையைப் பெட்டியில் இறுக்கும் உலோகப் பிடி) வழியாக எர்த் செய்யத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நம்ம உப்புக் காற்றில் கிளாண்டும் ஆர்மரும் சேரும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

டிரான்ஸ்பார்மர் பக்கம்

இங்கே ஒரு வார்த்தை. எச்.டி. (உயர் அழுத்த) யார்டுக்குள், அதாவது டிரான்ஸ்பார்மர் நிற்கும் வேலியடைத்த இடத்துக்குள், செய்யும் எந்த வேலையும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரும் சூப்பர்வைசரும் எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, லைனை டிஸ்சார்ஜ் செய்து எர்த் போட்ட பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் எர்த் பட்டையை "ஒரு நிமிஷம் கழற்றி அளந்துட்டு மாட்டிடலாம்" என்று யாரும் கை வைக்காதீர்கள். கழற்றிய அந்த நிமிடத்தில் எங்காவது ஃபால்ட் வந்தால் கழற்றிய இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பது உங்கள் கை.

நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி இணைப்பு, இரண்டு தனிக் குழி. இது 1956 மின்சார விதிகளிலிருந்து வருவது, மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. ஏன் இரண்டு என்றால், ஒன்று அறுந்தால் யாருக்கும் தெரியாது, விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எல்லாம் வழக்கம்போல இருக்கும், ஃபால்ட் வரும் அன்றுதான் தெரியும். டிரான்ஸ்பார்மர் டாங்கின் பாடிக்கும் அதேபோல எதிரெதிர் மூலையில் இரண்டு இணைப்பு. எல்.ஏ.வுக்கு (லைட்னிங் அரெஸ்டர், இடிதாங்கி) தனிக் குழி, பட்டை வளையாமல் நெளியாமல் நேராகக் கீழே இறங்க வேண்டும், ஏனென்றால் இடி கரண்ட் ஒவ்வொரு வளைவிலும் முட்டும். குழிகள் எல்லாவற்றையும் மண்ணுக்கு அடியில் பட்டையால் ஒன்றோடொன்று இணைத்து ஒரே கிரிட்டாக்கிவிடுங்கள்.

பட்டை அளவு? கண்ணை மூடிக்கொண்டு 25க்கு 6 வாங்கிவிடுகிறார்கள். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். 433 வோல்ட்டில் முழு லோடு 667 ஆம்ப்ஸ், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால் எல்.டி. (தாழ்வழுத்த) பக்கம் ஷார்ட் ஆனால் 14,800 ஆம்ப்ஸ் வரும். ஒரு வினாடி தாங்க இரும்புப் பட்டைக்கு ஐ.எஸ். 3043 கொடுக்கும் கணக்கு, ஒரு சதுர மி.மீ.க்கு 80 ஆம்ப்ஸ். வகுத்தால் 185 சதுர மி.மீ. 25க்கு 6 என்பது 150தான், போதாது. 40க்கு 6 சரியாகும். மண்ணில் அரிக்கப்போவதையும் சேர்த்து நான் எப்போதும் 50க்கு 6 போடுவேன். சின்ன டிரான்ஸ்பார்மர் என்றால் உங்கள் நம்பரைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

பாண்டிங் என்பது எர்த்திங்கிலிருந்து தனி வேலை, அதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கையால் தொடக்கூடிய இரும்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கட்டி ஒரே வோல்டேஜில் வைப்பதுதான் பாண்டிங். டாங்குக்கும் மேல்மூடிக்கும் நடுவில் ரப்பரோ கார்க்கோ கேஸ்கெட் இருக்கிறது, அதைத் தாண்டி ஒரு காப்பர் பிளெக்சிபிள் போட வேண்டும். கேபிள் பாக்ஸ், மார்ஷலிங் பாக்ஸ் (கண்ட்ரோல் ஒயர்கள் சேரும் பெட்டி), ஏ.பி. ஸ்விட்ச் (லைனைத் துண்டிக்கும் ஏர் பிரேக் ஸ்விட்ச்) கைப்பிடி, டி.பி. (இரட்டைக் கம்பம்) ஸ்ட்ரக்சரின் இரும்பு, எல்லாம் கிரிட்டுக்கு. வேலிக் கம்பி மட்டும் கட்டினால் போதாது, யார்டு கேட் கதவு கீலில் ஆடுவதால் கீல் வழியாக நல்ல தொடர்பு கிடைக்காது, கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பின்னல் காப்பர் ஜம்பர் போடுங்கள். யார்டு தரையில் 100 முதல் 150 மி.மீ. கனத்துக்கு ஜல்லி கொட்டி வையுங்கள், புல் முளைக்க விடாதீர்கள். ஜல்லி நனைந்தாலும் மண்ணைவிட ரெசிஸ்டன்ஸ் அதிகம், ஃபால்ட் நேரத்தில் யார்டுக்குள் நிற்பவரின் காலுக்குள் ஏறும் கரண்டைக் குறைக்கும்.

ஷெட் பக்கம்

தள்ளி இருக்கும் பேனலில் நியூட்ரல் பார் தனி, எர்த் பார் தனி. இரண்டையும் இணைக்கும் லிங்க் கிடையவே கிடையாது. நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் சிஸ்டம் முழுவதிலும் ஒன்றே ஒன்று, அது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில். "அங்கேயும் சேர்ந்துதானே இருக்கு, இங்கே சேர்த்தால் என்ன" என்று கேட்பார்கள். சேர்த்தால் ஷெட்டின் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் பட்டை, கேபிள் ட்ரே, தண்ணீர் பைப், கூரைக் கம்பி என்று கண்ட வழியெல்லாம் திரும்பும். என்றாவது நியூட்ரல் கோர் அறுந்தால் முழு நியூட்ரல் கரண்டும் அந்த இரும்புகளின் தலையில்தான் விழும், எர்த் பட்டையில் எங்காவது லூஸ் இருந்தால் ஷெட்டில் உள்ள அத்தனை பாடியும் லைவ் ஆகும். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் பிரேக்கர்) காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும், கடைசியில் அலுத்துப்போய் யாரோ அதை பைபாஸ் செய்துவிடுவார்கள், நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அப்போ ஷெட் வாசலில் தோண்டிய அந்தக் குழி வீணா? இல்லை, வைத்துக்கொள்ளுங்கள். பேனலின் எர்த் பாரோடு சேருங்கள், இடிக்கும் உதவும், கட்டடத்தைச் சுற்றி வோல்டேஜைச் சமப்படுத்தவும் உதவும். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் எர்த் கண்டக்டருக்குக் கூடுதலாக அது இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்க முடியாது.

அந்த எர்த் பாரிலேயே ஷெட்டின் இரும்புத் தூண், தண்ணீர் பைப், கம்ப்ரஸர் ஏர் லைன், கிரேன் தண்டவாளம் எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, தள்ளி இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கே உரிய காரணம். 11 கே.வி. பக்கம் டாங்கில் ஒரு ஃபால்ட் வந்தால் அந்தக் கரண்ட் திரும்ப வேண்டியது துணைமின் நிலையத்துக்கு, அதனால் அது உங்கள் யார்டு கிரிட்டில் இறங்கி மண் வழியாகப் போகும். கிரிட் 1 ஓம், ஃபால்ட் 1000 ஆம்ப்ஸ் என்று வைத்தால் கிரிட் மொத்தமும் 1000 வோல்ட் மேலே ஏறும், மின்வாரியத்தின் ரிலே ட்ரிப் கொடுக்கும் வரை. உங்கள் எர்த் கண்டக்டர் அந்த உயர்வை அப்படியே ஷெட்டுக்கும் கொண்டுவரும். ஷெட்டுக்குள் தொடக்கூடிய எல்லாமே ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும். ஒரு பைப்பை மட்டும் கட்டாமல் விட்டிருந்தால், மெஷினில் ஒரு கையும் அந்தப் பைப்பில் இன்னொரு கையும் வைத்திருப்பவர் நடுவில் மாட்டிக்கொள்வார். இதனால்தான் யார்டு கிரிட்டை 1 ஓமுக்குக் கீழே கொண்டுவரச் சொல்வதும், பாண்டிங்கில் ஒன்றைக்கூட விடாதே என்பதும்.

மூன்று பேஸ் மோட்டாருக்கு பாடியில் இரண்டு எர்த், இரண்டும் தனித்தனி போல்ட்டில். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத்தான் லக்கை வையுங்கள்.

ஷெட்டில் ஜெனரேட்டர் வைத்திருந்தால் அது ஓடும்போது அதுதான் சோர்ஸ், அதன் நியூட்ரலுக்கும் இரண்டு குழி வேண்டும். அந்த நியூட்ரலும் டிரான்ஸ்பார்மர் நியூட்ரலும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்கக்கூடாது, ஆகவே மூன்று பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சேஞ்ச்ஓவர் போடுங்கள்.

நம்ம மண்

வடசென்னை மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம், உள்ளே கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம் என்று உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு ஊறிய ஈர மண்ணில் ரீடிங் சுலபமாகக் கிடைக்கும். மண் ரெசிஸ்டிவிட்டி 10 ஓம்-மீட்டர் என்றால் 3 மீட்டர் நீள 40 மி.மீ. பைப் ஒன்றே 3 ஓம் கொடுக்கும், நான்கு பைப்பை ஆறு மீட்டர் இடைவெளியில் இறக்கி இணைத்தால் 1 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதே பைப் 100 ஓம்-மீட்டர் மண்ணில் 30 ஓம். இடைவெளி குறைந்தது பைப் நீளத்தின் இரண்டு மடங்கு இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்தில் நட்டால் ஒன்றின் மண்ணை இன்னொன்று பங்குபோட்டுக்கொள்ளும். கட்டடச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நடுங்கள்.

ரீடிங் சுலபமாகக் கிடைக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், அதே உப்புதான் இரும்பைத் தின்கிறது. காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் குழி மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே தெரிந்த பட்டையில் வெள்ளி நிறம் இன்னும் இருந்தது. ஒரு ஜாண் மண்ணைத் தோண்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் நனைந்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது, கையில் எடுத்தால் தட்டுத் தட்டாக உரிந்து வந்தது. 6 மி.மீ. பட்டையில் பாதிகூட மிச்சமில்லை. ஈர மண் இருந்ததால் ரீடிங் மட்டும் 1.5 ஓம் காட்டிக்கொண்டிருந்தது. எர்த் டெஸ்டர் அளக்க அனுப்புவது சில மில்லி ஆம்ப்ஸ்தான், அதற்கு அந்தப் பட்டை போதும், 14,000 ஆம்ப்ஸுக்கு அது நூலிழை.

அதனால் இங்கே கரியும் உப்பும் கொட்டாதீர்கள். மண்ணிலேயே உப்பு இருக்கிறது, நாம் வேறு அள்ளிப் போட்டால் பைப் சீக்கிரம் போகும். நிரப்ப ஏதாவது வேண்டும் என்றால் பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒருவகைக் களிமண்) போடலாம். பட்டையை வெல்டு செய்தால் அகலத்தின் இரண்டு மடங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து நாலா பக்கமும் வெல்டு அடித்து, ஸ்லாக் தட்டி, ஜிங்க் பெயின்ட்டும் மேலே தாரும் பூசுங்கள், வெல்டு செய்த இடத்தில் கால்வனைஸிங் எரிந்துபோயிருக்கும். காப்பர் ராடு போடலாமா என்று கேட்கிறார்கள். காப்பரும் ஜி.ஐ.யும் ஈர மண்ணில் சேர்ந்தால் அரிக்கப்படுவது ஜி.ஐ.தான், பக்கத்தில் உள்ள கேபிள் ஆர்மரையும் சேர்த்து அரிக்கும். ஆள் நடமாட்டமில்லாத யார்டில் காப்பரை இரவோடு இரவாகப் பிடுங்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. கனமான ஜி.ஐ. போட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்திலாவது ஒரு ஜாண் தோண்டிப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். அந்த மாதிரி தண்ணீரில் மூழ்கிய யார்டு என்றால் எல்லாக் குழியையும் திறந்து போல்ட்டை மாற்றாமல் விடாதீர்கள்.

அளப்பது

கிரிட் ரெசிஸ்டன்ஸை மே மாதத்தில், மழையில்லாத நாளில் அளந்து எழுதி வையுங்கள், நவம்பரில் அளந்த நம்பரை யாரிடமும் காட்டாதீர்கள். மூன்று ஸ்பைக் முறையில் கரண்ட் ஸ்பைக்கை முடிந்தவரை தூரத்தில் நட்டு, வோல்டேஜ் ஸ்பைக்கை அந்தத் தூரத்தின் 62 சதவீதத்தில் வையுங்கள், பிறகு கொஞ்சம் முன்னேயும் கொஞ்சம் பின்னேயும் நகர்த்தி இன்னும் இரண்டு ரீடிங். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். கான்கிரீட்டும் பைப்லைனும் நிறைந்த மணலியில் ஸ்பைக் நட இடம் தேடுவதே பாதி வேலை. பூமிக்கடியில் ஓடும் இரும்பு பைப்புக்கு இணையாக நட்டால் ரீடிங் பொய் சொல்லும், குறுக்காக நடுங்கள்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான ரீடிங் ஷெட்டில் எடுப்பது. சப்ளையை நிறுத்தி, லாக் போட்டு, நியூட்ரல் உட்பட டெட் என்று உறுதி செய்துகொண்டு, ஷெட் பேனலில் ஒரு பேஸ் கோரையும் எர்த் பாரையும் தடிப்பான ஒயரால் ஷார்ட் செய்யுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் வந்து, அங்கே கழற்றி வைத்த அந்த பேஸ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் லோ ஓம் மீட்டரால் அளந்தால் வருவதுதான் ஃபால்ட் போகும் வழியின் ரெசிஸ்டன்ஸ். இன்னொரு விஷயம், அளந்த பிறகு அந்த ஷார்ட்டை எடுத்துவிட்டோமா என்று இரண்டு பேர் பார்த்த பிறகே சப்ளை. லூப் டெஸ்டர் இருந்தால் லைவிலேயே சுலபமாக எடுக்கலாம். வந்த ஓமால் 240ஐ வகுத்து, அந்தக் கரண்டில் உங்கள் பியூஸோ எம்.சி.சி.பி.யோ (பெட்டி வடிவ பிரேக்கர்) எவ்வளவு நேரத்தில் விடும் என்று கேட்டலாக் கர்வில் பாருங்கள். நேரம் இழுத்தால் எர்த் கண்டக்டரைப் பெரிதாக்குங்கள்.

மணலி ஷெட்டில் டிரெஞ்சைத் திறந்து கேபிளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஜி.ஐ. பட்டை ஓட்டி, டிரான்ஸ்பார்மர் எர்த் பார் வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். அளந்தபோது லூப் 0.31 ஓம். கடைசியாக ஷெட்டை முழு லோடில் ஓடவிட்டு, யார்டில் நியூட்ரலிலிருந்து குழிக்கு இறங்கும் பட்டைகளில் டாங் டெஸ்டரை (கண்டக்டரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர்) மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் 4 ஆம்ப்ஸ் நிலையாக ஓடிக்கொண்டிருந்தது, அப்படியென்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. தேடிப் போனால், ஆபீஸ் அறையின் ஏ.சி. சாக்கெட்டுக்குள் யாரோ நியூட்ரல் பின்னையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு வந்து பார்த்தபோது டாங் டெஸ்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது.